ரேகை வளரும் வரை

பத்து நாள் ஏலக்காயைத் தொடாதே என்றார்
கம்பத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அப்பாஸ் பாய்.
விரலில் ரேகையே இல்லையாம் எனக்கு.
ரேஷன் கடை மெஷினே மூன்று தரம் துப்புகிறது,
சென்னையில் இருப்பது சும்மா விடுமா?
எண்ணெய் தேய், சோப்புத் தண்ணியில் கை விடாதே,
தோல் புதுசாக வரட்டும்.

அதனால் ஜீப்பில் ஏறுகிறேன், காய் எடுப்பதில்லை.
தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
யார் எத்தனை கிலோ என்று எழுதுகிறேன்.
அதற்குப் பாதிக் கூலி.

மெட்டு ஏறும்போது பென்னிதான் ஆபீசர்.
ஸ்டியரிங்கை ஒடித்தபடி, திரும்பாமல் கேட்பான்:
"எந்தினா போகுன்னே?"
தம்பி மகளுக்குக் காதுகுத்து என்பேன்.
"மடியில வைக்கிறது மாமன். அத்தைக்கு அங்க என்னடி வேலை?"
இது பின்னாலிருந்து மொக்கத்தாய்.
ஜீப்பே சிரிக்க, ஆபீசரும் சிரிக்க,
ஒரு கொண்டை ஊசி கடந்துவிடும்.

"எத்தற திவசம்?"
நாற்பத்தஞ்சு.
"ஆரு சிலவு?"
தம்பி.

தம்பி பெயர் வீரணன். டல்லாஸில் வீரா.
அழைப்புக் கடிதத்திலும் வீரா என்றே கையெழுத்துப் போட்டிருந்தான்;
அப்பாஸ் பாய் திருப்பி அனுப்பி முழுசாக வாங்கினார்.
என் பெயருக்கும் அதே தொல்லை.
பாஸ்போர்ட்டில் ஒச்சம்மாள்,
வீட்டுவரி ரசீதில் உச்சம்மாள்,
எஸ்டேட் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக் கொடுத்ததைப்
பென்னி எழுத்துக் கூட்டிப் படித்தால் ஓச்சம்மா.
மூவரும் ஒருத்திதான் என்று
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
நோட்டரி முன்னால் சத்தியம் செய்தேன்.
செய்துவிட்டு வெளியே வரும்போது
லேசாகச் சந்தேகம் வந்தது.

"திரிச்சு வருமோ?"

இதற்கு மட்டும் யாரும் சிரிப்பதில்லை.
அவர்கள் கேட்பது இந்த ஒன்றைத்தான்,
மற்றதெல்லாம் சுற்றி வளைப்பது என்று
அப்பாஸ் பாய் முன்னமே சொல்லிவிட்டார்.
புருஷன் இல்லை. பிள்ளை இல்லை.
ஒன்றரை சென்ட் வீடு. பேங்கில் நாற்பத்தோராயிரம்,
அதில் இருபது தம்பி போன மாதம் போட்டது.
"இழுத்துக் கட்டுற மாதிரி ஏதாவது சொல்லும்மா."
ரெண்டு ஆடு இருக்கு என்றேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டார்.

செக்போஸ்ட் வருகிறது.
பத்தொன்பது வருஷமாக
இருட்டோடு இந்தக் கட்டையைத் தாண்டிப் போய்
இருட்டும் முன்னே வந்துகொண்டிருக்கிறேன்.
டார்ச் அடித்துத் தலை எண்ணுவார்கள்,
ஒருவரும் பெயர் கேட்டதில்லை.
போனதற்குச் சீட்டு இல்லை. வந்ததற்கும் இல்லை.

சாயங்காலம் எண்ணுவது நான்.
பதினேழு போனால் பதினேழு வர வேண்டும்.
ஒரே ஒரு நாள் பதினாறு வந்தது.
காற்றுக்கு முறிந்த கிளை;
பஞ்சவர்ணம் அப்போதுதான் சாக்கை இறக்கி வைத்திருந்தாள்.
தெரிந்தும் இரண்டாம் தரம் எண்ணினேன்.
அந்த வாரக் கூலியை அவள் வீட்டில் கொடுத்துவிட்டு
கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள்
வேண்டாத சீனிக்காக ரேஷன் கடைக்குப் போனேன்.
வைத்ததும் பச்சை விளக்கு.
"அட, உனக்கா?" என்றான் கடைக்காரன்.
கையை மோந்து பார்த்தேன்.
வாசம் போயிருந்தது. யார் கையோ.

இன்று காலை பென்னி கேட்டான்,
கடைசித் தடவையாக: "திரிச்சு வருமோ?"
யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது:
இப்ப எடுத்த செடியில
நாப்பத்தஞ்சு நாள்ல அடுத்த காய் திரண்டுரும்,
வராம எப்படி?
ஒரு வளைவு முழுக்கப் பேச்சில்லை.
இதை அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு
எப்படிச் சொல்வது என்று
அப்பாஸ் பாயிடம் கேட்க வேண்டும்.

ராத்திரி பஸ். ஃபைலைத் துண்டில் சுற்றியாயிற்று.
நான் இல்லாத நாளில் மொக்கத்தாய்தான் எண்ணுவாள்.
பதினாறு என்று வரும்,
பதறிவிடாதே என்று
அவளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.